எனக்கும் ஒரு பொட்டலம்

அன்புள்ள புஷ்பலதாவுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவுக்கு மூட்டு வலி குறைந்ததா? ஒரு விஷயத்தைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ஊருக்கு வரும் நண்பரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு ஓட்டலுக்கு விடுமுறை. பிரிக்ஃபீல்ட்ஸில் வீடில்லாதவர்கள் உட்காரும் மரத்தடியில் நானும் சும்மா உட்கார்ந்தேன். ஜெயராஜ் என்றொருவர் நகர்ந்து இடம் விட்டார். இன்று இங்கே, நாளை பக்கத்து ஊர் கிள்ளான் என்று கால் போன போக்கில் போகிறவர். எங்கே வேலை என்றுகூட அவர் கேட்கவில்லை. இருவரும் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது சிலர் வேனில் வந்து வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். ஓர் அக்கா என் கிழிந்த காலரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்களும் எடுத்துக்குங்க லா, நெறைய இருக்கு" என்று என் கையிலும் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

ஊருக்கே சோறு பரிமாறுகிறவன் நான். "எனக்கு வேலை இருக்குக்கா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுந்து போக வேண்டியிருக்குமே என்று வாங்கிக்கொண்டேன். ஓட்டலில் நின்றபடியே விழுங்குகிறவன், அங்கே உட்கார்ந்து நிதானமாகத் தின்றேன். நீ அங்கே ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறாய். நினைத்தாலே கூசுகிறது.

யாராவது வந்தால் இரண்டு சட்டையும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உன்,
தங்கராசு

கிழிந்த சட்டையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. துவைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.