பீரோ இடிக்கும் என்று நின்ற கை

தம்பி,

மாகுல் பக்கத்திலிருந்து இன்று காலை காற்று திரும்பிவிட்டது. அங்கே இருக்கும் எண்ணெய் ஆலைகளின் மண்ணெண்ணெய் வாடை நான் வாழ்க்கைப்பட்ட செம்பூர் முழுக்க வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று உனக்குத் தெரியும். வாடை வந்தால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். நீ வந்திருந்தால் மட்டும் திறந்துவிடுவாய். பால்கனிக் கம்பியில் சாய்ந்து, மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பாய். "எங்க பிளேனுக்குப் போடுறதும் இதே வாசந்தான்க்கா. காலைல இந்த வாசம் வந்துச்சுன்னா அன்னைக்குப் பறக்கோம். வரலன்னா டீயக் குடிச்சிட்டு ரூமுக்குத் திரும்ப வேண்டியதுதான்" என்பாய். இன்று துணி காயப்போடப் போனவள் ஜன்னலைச் சாத்த மறந்து நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து உன் அத்தான், கேஸ் திறந்து கிடக்கிறதா என்று கேட்டார். அவருக்கு எல்லா வாசமும் கேஸ்தான்.

உன்னிடம் பேசி எத்தனையோ நாளாயிற்று. சண்டை போட ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துவிட்டது.

நீ படையில் சேர்ந்து போர் விமானியானபோது தாராவியில் நம் சந்தே தலைகீழாகிவிட்டது. பேனர் கட்டினார்கள். உன் முகத்துக்குப் பக்கத்தில் எந்த நாட்டு விமானத்தின் படத்தையோ போட்டிருந்தார்கள். நீ அதைப் பார்த்து, "இது நமக்குக் குண்டு போட வர்ற பிளேனுக்கா" என்று என் காதில் சொன்னாய். அம்மாவுக்கு மட்டும் அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. அப்பா போன பிறகு நீதான் அவளுக்கு எல்லாம். ஊர் மெச்சும்போது சிரிப்பாள், அடுப்படிக்குப் போய் அழுவாள்.

ஆனால் நீ அடிக்கடி லீவில் வர ஆரம்பித்தாய். அம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். தீபாவளிக்கு வந்தவன் பொங்கலுக்கும் வந்தாய், நடுவில் காரணமே இல்லாமலும் வந்தாய். மீன் வாங்க அவள் சயான் மார்க்கெட் வரைக்கும் நடந்தாள். "எம்புள்ளைக்கு நல்ல ஆபீசரா வாச்சிருக்காரு. கேட்ட உடனே லீவு குடுக்காரு" என்று தெருக்குழாயில் பெருமையடித்துக்கொண்டாள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாய். 

இரும்பு ஏணிப்படியில் உட்கார்ந்து ஒருநாள் என்னிடம் சொன்னாய். படைக்கு வரும் பணம் குறைந்துபோயிற்று என்றாய். பழைய விமானங்களுக்கு உதிரிபாகம் வாங்கும் பணம் சுருங்கிவிட்டது, புது விமானம் வருவது தள்ளிக்கொண்டே போகிறது. நிற்கும் விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி, பறக்கிற விமானத்தில் போடுகிறார்கள். கழற்றப்பட்டது பிறகு எழுந்திருப்பதே இல்லை. "பிளேன் நிறுத்துத எங்க ஹேங்கரு நம்ம பதிமூணாம் காம்பவுண்டு மாதிரி ஆயிட்டுக்கா. ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்டிருக்கு" என்றாய். பழைய சாமான் பிரிக்கும் காம்பவுண்டுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

மிச்சத்தையும் அன்றைக்குத்தான் சொன்னாய். இத்தனை மணி நேரம் பறந்தால்தான் உன்னை முழு விமானி என்று ஒப்புக்கொள்வார்கள். இருக்கிற கொஞ்ச விமானத்தில் பெரியவர்கள் கை மறக்காமல் இருக்கப் பறக்க வேண்டும், மீந்த நேரம்தான் உன்னைப் போன்றவர்களுக்கு. அந்த மணிகள் சேராவிட்டால் உன்னைத் தரைவேலைக்கு மாற்றிவிடுவார்கள். வெளியே வரவும் முடியாது, இத்தனை வருடம் இருப்பேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். வந்தாலும் பயணிகள் விமானக் கம்பெனிக்காரன் முதலில் கேட்பது எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய் என்றுதான். "எந்தக் கதவைத் தொட்டாலும் அதே பூட்டுக்கா" என்றாய். கீழே இருக்கும் தோல்பை பட்டறையில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர்களுக்காவது கை நிறைய வேலை இருக்கிறது என்று நீ பொறாமைப்பட்டது எனக்கு வேதனையாக இருந்தது.

அம்மாவிடம் இதை லேசாக அவிழ்த்துப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். "அந்தப் பிளேனெல்லாம் ரிப்பேராவே கெடக்கட்டும், தாயே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியும் வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து பறப்பதை நீ லீவிலும் விடவில்லை. விமானிகள் எல்லாரும் செய்வதுதான் என்றாய். பறப்பதற்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஏறுவது முதல் இறங்குவது வரை கை எங்கெங்கே போக வேண்டுமோ அங்கங்கே கொண்டுபோய்ப் பார்ப்பது. மற்றவர்களுக்கு அது பத்து நிமிஷ ஒத்திகை. உனக்கு விமானமே கிடைக்காததால் நாற்காலியே விமானமாகிவிட்டது. தாராவியில் நம் அறையில் கட்டிலை ஒட்டி, இரும்பு பீரோவுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவாய். முழங்கால்களுக்கு நடுவில் சப்பாத்திக் கட்டை, அதுதான் விமானத்தைத் திருப்பும் கம்பி. இடது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தில், அது த்ராட்டில். முன்னால் தள்ளினால் இன்ஜினுக்கு வேகம் கூடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

நான்தான் வரிசையாகப் படிப்பேன். ஒவ்வொன்றாக நான் சொல்ல, கையை அங்கே கொண்டுபோய் நீ பதில் சொல்லுவாய். ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் நாள் முழுக்க டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவள், அதே குரலில்தான் படித்தேன். "அக்கா, நீ படிச்சா ஸ்கேனுக்கு வரச் சொல்லுத மாதிரியே இருக்கு" என்று கண்ணைத் திறக்காமலே கிண்டல் பண்ணுவாய். அம்மா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, தன் சப்பாத்திக் கட்டை எப்போது திரும்பி வரும் என்று காத்திருப்பாள். நான் தாராவிக்கு வர முடியாத வாரம் போனில் படித்தேன். உன் தளத்துக்குத் திரும்பிப் போன பிறகும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் போனில் படித்தேன். எனக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. துவரம்பருப்பு ஊறவைக்க மறப்பேன், இறக்கையில் இறக்கும் ஃபிளாப்பை மறக்க மாட்டேன்.

பிறகு உனக்கு ஒரு முறை விமானம் கிடைத்தது. அன்று மதியம் போன் செய்தாய். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல்.

"அக்கா, பீரோ இடிச்சிட்டு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிதானமாகச் சொன்னாய். இறங்க வரும்போது, இறங்காதே, திரும்ப மேலே ஏறு என்று பின்சீட்டிலிருந்த பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அப்போது த்ராட்டிலை ஒரே மூச்சில் கடைசிவரை தள்ள வேண்டும். கிளம்பும்போது கண் பார்த்துத் தள்ளுவதால் தப்பு வராது. அவசரத்தில் கை தனக்குப் பழகியதைத்தான் செய்யும். உன் கை முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது. அதற்குமேல் பீரோ இருக்கிறது என்று அதற்குத் தெரியும். பயிற்சியாளர்தான் பின்னாலிருந்து மிச்சத்தைத் தள்ளினார். கீழே வந்ததும், "யாராவது உன் கையைப் பிடித்து இழுத்தார்களா?" என்று கேட்டாராம். எங்கள் வீட்டு பீரோ சார் என்று எப்படிச் சொல்ல முடியும்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய். நான் ஓட்டை வாய், சொல்லிவிட்டேன். அவள் எழுந்து பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்க ஆரம்பித்தாள். கீழே பட்டறை வைத்திருக்கும் பீர் பாயைக் கூப்பிட்டாள். நம் ஏணிப்படியில் பீரோ இறங்காது. ஏற்றும்போது எப்படி ஜன்னல் கம்பியைக் கழற்றிக் கயிறு கட்டி ஏற்றினோமோ, அப்படியே பாயும் அவருடைய ஆட்களும் இறக்கினார்கள். சந்து அடைத்துக்கொண்டது, ஒரு ஸ்கூட்டர்க்காரன் ஹிந்தியில் கத்தினான். பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "என்னம்மா, புள்ளைக்குக் கல்யாணமா? எடம் பண்ணுதியளா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். அவன் கை நீளணும்" என்றாள் அம்மா.

நான் கேட்டேன், பிளேன் எல்லாம் நிற்க வேண்டும் என்று கும்பிட்டவள்தானே நீ என்று. "நிக்கணும்னுதான் இப்பவும் கும்பிடுதேன். ஆனா ஏறிட்டான்னா கை முழுசாப் போவணும்லா" என்றாள். புடவைகளை மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அடுத்த லீவில் நீ வந்து வெறுமையாக இருந்த மூலையைப் பார்த்தாய். அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாய். அன்று நூறு தடவையாவது கையை முழுசாக நீட்டியிருப்பாய், விரல் சுவரைத் தொடும்வரை. நான் தொண்டை கட்டப் படித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நீ ஏறினாய், இறங்கவில்லை.

அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வராது. கொடி போர்த்தி வந்தது, துப்பாக்கி சுட்டார்கள், சந்தில் பழைய பேனரை அச்சடித்தவனே இன்னொன்று அச்சடித்தான். இந்தத் தடவை விமானப் படம் போடவில்லை.

பதினாறாம் நாள் கழிந்து தீபக் வந்தான். தளத்தில் உன் அறையில் உன்னோடு இருந்தவன், நாசிக் பையன். உன்னிடம் கேட்டுக் கேட்டு என்னை அக்கா என்றே கூப்பிட்டான். மற்றதெல்லாம் ஹிந்தி. அம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு என்னிடம், "கேளு. அவன் கை முழுசாப் போச்சான்னு கேளு" என்றாள். எனக்கு ஹிந்தியே மறந்துவிட்டது. எப்படியோ கேட்டேன். விழுந்த இடத்தில் த்ராட்டிலைக் கண்ணால் பார்த்திருந்த தீபக் இடது கையைக் காற்றில் நீட்டிக் காட்டினான்.

"பூரா, அக்கா. ஆகிர் தக்."

முழுசாக, கடைசி வரைக்கும். அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் அந்த நீட்டிய கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

கை முழுசாகப் போயும் விமானம் ஏன் ஏறவில்லை என்பதற்கு விசாரணை நடக்கிறது. ட்ரெயினில், கவுண்டரில், கல்யாண வீட்டில் என்னிடம் கேட்கிறார்கள்: பிளேன் கோளாறா, உங்கள் தம்பி தப்பா? இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. விமானத்துக்குக் கிடைக்க வேண்டிய பாகம் கிடைக்கவில்லை, உனக்குக் கிடைக்க வேண்டிய மணி நேரம் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே பையிலிருந்து வர வேண்டியவை. அதில் எது முதலில் தீர்ந்தது என்று தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? கேட்பவர்களிடம் விசாரணை நடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு டோக்கனைக் கூப்பிடுகிறேன்.

அன்று கிளம்பும்போது ஏணிப்படியில் நின்று தீபக் தயங்கினான். உன் போனில் நான் படிக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் அவனும் கண்ணை மூடிக் கையை நகர்த்திக்கொண்டு இருந்தானாம். இப்போது படிக்க ஆளில்லை, விமானமும் இன்னும் குறைவு. தனக்குப் படிப்பீர்களா என்று கேட்டான். போடா என்று சொல்ல நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழவும் நினைத்தேன். இரண்டும் செய்யாமல் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் நான் படித்தாலும் படிக்காவிட்டாலும் அவன் ஏறத்தான் போகிறான். வெளியே வர அவனுக்கும் வழியில்லை, அதே பாண்டு. பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் நானே போன் செய்தேன்.

அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், தம்பி. உன் அத்தானுக்கு இது பிடிக்கவில்லை, ஆறாத புண்ணைக் கிளறுகிறாய் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். த்ராட்டில் என்ற வார்த்தை வரும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நிற்கிறது. நீ இருந்தவரை அது எனக்கு விளையாட்டாக இருந்தது. இப்போது ஒரு வரி விட்டுப்போனால் ஒரு தாய்க்குப் பிள்ளை போய்விடும் என்று தோன்றுகிறது. அவன் பறக்கும் நாளில் கவுண்டரில் ஒருவர் பில்லை இன்னொருவருக்கு நீட்டுகிறேன். இறங்கியதும் அவன் ஒரு மெசேஜ் அனுப்புவான், அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன்.

இன்று அவனுக்கு விமானம் என்று இருந்தது. நேற்று சாயங்காலம் படித்துக் கொடுத்தேன். இன்று ஒன்பது மணிக்கே, நான் ஸ்டேஷன் பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது, போன் வந்தது.

"அக்கா, ஆஜ் கேன்சல். பிளேன் நஹி ஹை."

இன்றைக்கு விமானம் இல்லையாம். தாயே என்று என் வாய் தானாகச் சொன்னது, அச்சு அசல் அம்மாவின் குரல். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். இன்றைக்கு ஒருவனும் சாகமாட்டான் என்று அவ்வளவு சந்தோஷம். நாலு படி ஏறுவதற்குள் அந்தச் சந்தோஷம் போயிற்று. இன்று பறக்காதவன் அடுத்த தடவை இன்னும் பழக்கமில்லாத கையோடுதான் ஏறுவான். பறந்தாலும் பயம், பறக்காவிட்டாலும் பயம். உன்னோடு எத்தனை வருடம் இதைத் தின்றேன், இன்னும் தீரவில்லை.

மேலேயிருந்து ஜனம் இடித்துக்கொண்டு இறங்கியது. ஹார்பர் லைன் வண்டி வந்து நின்று, என்னை ஏற்றிக்கொள்ளாமலே போயிற்று. போனில் தீபக் இன்னும் இருந்தான்.

"ரூமுக்கா போறே?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"ஹாங், அக்கா."

"நாற்காலியைப் போடு. படிக்கேன்."