சுவரில் எழுதிய இரண்டு எழுத்து

12-8-1994, வெள்ளி இரவு

நான் சொல்லச் சொல்ல இரவுப் பள்ளி வாத்தியார் இதை எழுதுகிறார். இன்று யாரும் சொல்லித் தராமல் நானே ஒரு சொல்லைப் படித்தேன். இரவுப் பள்ளிக்கு வெளியே இதுதான் முதல் தடவை. நாங்கள் காவலுக்குக் குடியிருக்கும் பழைய பாதிரியார் பங்களாவின் சுவரில், சிவப்பு பெயின்டில் இருந்தது. இ, டி. இடி. எங்கள் பாடப் புத்தகத்தில் மின்னல் படத்துக்குக் கீழே இருக்கும் அதே சொல்.

அந்தச் சுவரில்தான் கூரைக்கு மேல் புகைபோக்கி நிற்கிறது. குளிர்காய வெள்ளைக்காரப் பாதிரியார் தன் ஊர் வீடு போலவே அடுப்பு வைத்துக் கட்டியது. இந்த ஊர் வெயிலில் அதை யார் மூட்டுவார்கள்? எங்கள் கோழிதான் அதில் அடைகாக்கிறது. புகைபோக்கி அவ்வளவு உயரம், அதில் இடி விழும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என நினைத்து, படித்துவிட்ட சந்தோஷத்தில் என் மனைவி பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சுவரை அளந்துகொண்டிருந்த மேஸ்திரி சிரித்துவிட்டார்.

"பெர்சு, அது வானத்து இடி இல்ல. நாளைக்கு இடிக்கணும்னு நான்தான் எழுதிக்கீறேன். செவுரு சாஞ்சிக்கினு கீதுன்னு சபையில சொல்லிட்டாங்க. பங்களா மொத்தமும் போவுது."

அதன் பின்கட்டில்தான் எங்கள் வாசம். வேறு இடம் இல்லை. மேஸ்திரி போனதும் பாக்கியம் ஒரு கரித்துண்டை நீட்டினாள்.

"எழுதக் கத்துக்கினியே. மீதியச் சேத்து 'இடிக்காதே'ன்னு ஆக்குய்யா."

"நான் எழுதினா இன்னாமே ஆவும்?"

"ஆவறது ஆவட்டும், எழுது."

எழுதினேன். எழுத்து நேராக வந்தது. பார்க்க எனக்கே அழகாக இருந்தது.

நாளை கடப்பாரையோடு வருகிற ஆட்களுக்குப் படிக்கத் தெரியுமா என்று பாக்கியம் இப்போது கேட்கிறாள்.