கோடு போட்ட முகம்

உங்கள் வருஷத் திதியன்று முன்னறையில் இருந்தவர்கள்: உங்கள் அம்மா, தங்கச்சி தெய்வானை, நம் மகன் மணியம், கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்த உங்கள் அண்ணன் மகன் குமரேசன், அவனைப் பெற்றவர், நான். நேற்றுப் பேத்தி, செத்துப்போன யாரோ ஒருவரின் படத்தைக் கைப்பேசியில் பேச வைத்து, "பயமா இருக்கா பாட்டி?" என்றாள். இந்தக் கூத்தை நான் எண்பதுகளிலேயே பார்த்துவிட்டேன்.

நீங்கள் இருக்கும்போது குமரேசன் உங்கள் முகமெல்லாம் மையால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டானே. "ஆ சொல்லுங்க சித்தப்பா. இப்ப ஊ" என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு படம் எடுத்தான். "என்னடா, மூஞ்சில தேயிலை நடப் போறியா?" என்றீர்கள். அவன் சிரித்ததில் கோடு கோணிப்போய், அழித்து மறுபடி போட்டான்.

அதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போட்டு முகமாக்கி, திதியன்று வீடியோ டேப்பில் கொண்டுவந்தான். டிவியில் நீங்கள் வந்தீர்கள். முடி இல்லை, கழுத்து இல்லை, வர்ணம் பூசாத மண்சிலை மாதிரி. ஆனால் மூக்கு உங்கள் மூக்கு. கண் சிமிட்டியது. பிறகு வாய் திறந்தது.

"அண்ணே, ஒங்க மேல எனக்குக் கோவமில்லண்ணே. பாப்பா போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க."

உங்கள் அம்மா ஓவென்று அழுதார். தெய்வானை கற்பூரம் கொளுத்தி டிவிக்குக் காட்டினாள். உங்கள் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நம் மகளுக்குக் காய்ச்சலில் வெட்டி இழுத்த அன்று தோட்டத்து லோரி வாசலில்தான் நின்றது. சாவி, அதை ஓட்டிய உங்கள் அண்ணன் இடுப்பில். "துரை சொல்லாம எடுக்க முடியாது லா" என்றார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நடந்தீர்கள். பாதி வழியில் அது போய்விட்டது. அப்புறம் சாகும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசினீர்களா?

அந்தப் 'பாப்பா'தான் எனக்கு இடித்தது. பிள்ளைக்கு உங்கள் அம்மா பேர். அதனால் பேர் சொல்லாமல் 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவீர்கள். அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட்டவர் குடும்பத்தில் ஒருவர்தான், உங்கள் அண்ணன். உங்கள் இருவருக்கும் ஒரே தொண்டை என்று லயத்து வீடுகளே சொல்லும்.

"யாரு கொரலுடா இது?" என்றேன்.

"அப்பா குடுத்த கேசட்டு சித்தி. ஆஸ்பத்திரில சித்தப்பா கடைசியா பேசுனதுன்னு சொன்னாரு..." குமரேசன் அப்பாவைப் பார்த்தான். அவர் துண்டை எடுக்கவே இல்லை.

"விடுடி. எம்புள்ளையே சொல்லிட்டான்" என்றார் உங்கள் அம்மா. அதை நம்பியே கண் மூடினார். லயத்திலும் இன்றுவரை அதுதான் பேச்சு.

ஆஸ்பத்திரியில் உங்கள் அண்ணன் வந்து நின்றபோது நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த முதுகுதான் உங்கள் கடைசிப் பேச்சு. அதை நான் வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். குமரேசன் ஏமாந்தவன், அவனை அன்றே மன்னித்தேன். செத்தவர் வாயை வாங்கித் தனக்குத் தானே மன்னிப்புச் சொல்லிக்கொண்டவரை மாட்டேன். மூத்தார் பேரைத் தம்பி பெண்டாட்டி சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லவில்லை, எழுதுகிறேன்: ராமையா.