கழுத்தும் வயிறும் அளக்கும் நாள்

ரஸ்ஸல்,

நீ ஓடப் போயிருக்கும்போது எழுதுகிறேன். பக்கத்து வீட்டு டோனா காரில் கண் டாக்டரிடம் போகிறேன். முட்டை அவித்து வைத்திருக்கிறேன், இரண்டே இரண்டு. சோள ரொட்டியைத் தேடாதே, டோனாவிடம் கொடுத்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு உன்னை அளக்கிறார்கள். உடம்பில் கொழுப்பு அதிகம் என்று பதவி உயர்வை ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள். இன்றும் குறையவில்லை என்றால் பன்னிரண்டு வருடப் பட்டாள வேலை போய்விடும் என்றாய்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. "வயித்த அளக்கறாங்க, சரி. கழுத்த எதுக்குடா?" என்று கேட்டேன். "கழுத்து தடிமனா இருந்தா கொழுப்பு கம்மின்னு அவங்க கணக்கும்மா" என்றாய். அதற்காக இரண்டு மாதமாகக் கழுத்துக்கு மட்டும் பயிற்சி; இப்போது ஒரு சட்டைக்கும் காலர் பொத்தான் போட முடியவில்லை. காலையில் தையல் நாடாவை எடுத்து என்னையும் அளந்து பார்த்தேன். என்னை முதல் நாளே துரத்தியிருப்பார்கள்.

தண்ணீர் குடிக்காமல் போகாதே. போன மாதம் மயங்கி விழுந்தது போதும்.

அம்மா

பி.கு. "நான் வேலைய விட்டு வரணும்னுதானே பீன்ஸ்ல இவ்ளோ வெண்ணெய் போடற?" என்று நேற்று கத்தினாய். "உளறாதே" என்றேன். நீ உளறவில்லை. மறுபடி உன்னைப் போருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்த வாரம்தான் கூடுதலாகப் போட ஆரம்பித்தேன்.

எப்படியாவது தேறிவிடு. தேறாவிட்டால் எனக்குச் சந்தோஷமாக இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.