மாற்றிப் பார்க்காத எண்

நவ. 13, 2006, திங்கள்
காலையிலிருந்து மழை. பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காக அரை மணி நேரம். குடையை ரயிலிலேயே விட்டாயிற்று. இந்த வருடம் மூன்றாவது.

வேலை: எங்கள் வார்ப்பு ஆலையில் பம்பு வார்ப்பில் துளை விழுவது ஏன்? கம்ப்யூட்டர் மாடலில் ஒவ்வொரு எண்ணாக ஏற்றி இறக்கி ஓட்டுவது. எதை அசைத்தால் துளை கூடுகிறதோ, படத்தில் அதற்கு நீளக் கோடு. ஒரு ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம். அதுவரை டீ.

மாலை படம் தயார். இரும்பு ஊற்றும் சூடு: நீளமோ நீளம். மற்றதெல்லாம் குட்டை. கலர் போட்டேன், அழகாக இருந்தது. மேனேஜர் பிரிண்ட் எடுத்துப் போனார். கொஞ்சம் பெருமை.

நவ. 14, செவ்வாய்
மழை. அந்தப் படத்தை வைத்து இமானுவேல் அண்ணனை விசாரித்தார்களாம். உருகின இரும்பை அச்சில் ஊற்றுகிறவர் அவர். ஆறவிட்டு ஊற்றுகிறார் என்று பழி. காண்ட்ராக்ட் ஆள், சனிக்கிழமையோடு நிறுத்தம். பன்னிரண்டு வருட வேலை. அப்பா அடுத்தவர் வயலில் கூலி. குடும்பத்தில் இவர்தான் முதல் ஃபேக்டரி ஆள்.

கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"நான் ஆற வுட்டதே இல்ல மேடம். மழைன்னா அச்சு மண்ணு நசநசன்னு கீது. அத்த கம்ப்யூட்டர்ல போட்டீங்களா?"

போட்டேன் என்றேன்.

நவ. 15, புதன்
தூறல். போட்டேன்தான், மாறாத ஒரே எண்ணாக. அச்சு மண்ணின் ஈரத்தைக் காலை ஷிஃப்ட்டில் ஒரு தடவை அளப்போம். மற்ற ஷிஃப்ட்டுக்கும் அதையே ரிஜிஸ்டரில் இறக்கிவிடுவோம். எங்கள் லேப் வழக்கம். நானும் ஒரு வருடம் அப்படி எழுதினவள்தான். எழுதி எழுதி நானே நம்பிவிட்டேன். அசைக்காத எண்ணுக்குக் கோடு எங்கிருந்து வரும்? வெட்கமாக இருக்கிறது.

மதியம் மண் அள்ளி வந்து நானே அளந்தேன். காலை அளவைவிட ரொம்ப அதிகம். ஷெட்டுக்குள் சாரல் அடிக்கிறது. ஈரத்தையும் அசைத்து மறுபடி ஓட்டம்.

படம் தலைகீழ். ஈரம்தான் நீளம். ஊற்றும் சூடு அதில் கால்வாசி.

நவ. 16, வியாழன்
வெயில். துணி காய்ந்திருக்கும். மேனேஜர், "ரெண்டு படம் குடுத்தா எத்தம்மா நம்புறது?" என்றார். நியாயமான கேள்வி. ரிஜிஸ்டரில் என் கையெழுத்துப் போட்ட பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். எழுதிக் கொடு என்றார். முதல் படத்தின் தப்பு என்னுடையது என்று எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நவ. 18, சனி
எனக்கு மெமோ. இமானுவேல் அண்ணனுக்கு வேலை நிலைத்தது. அப்பாடா.

புதுப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். இதில் தன்னுடையது எது என்று கேட்டார். அந்தக் குட்டைக் கோட்டில் விரல் வைத்தேன்.

"இது கரீட்டு மேடம். ரெண்டு மூணு தபா ஆற வுட்டு ஊத்திகீறேன்."

மேனேஜரிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.