துரைராஜாவின் குளிர்க் கார்

6.5.1980, செவ்வாய்

எங்கள் வீட்டோடு ஒட்டிய, நான் கார் திருத்தும் கராச் வாசலில் இன்று துரைராஜாவின் கார் வந்து நின்றது. என் மனைவி பியாட்றிஸின் அண்ணன். ஆனால் அவர் வரவில்லை. மெதடிஸ்த வாத்தியார் குடும்பத்துப் பெண், மீன்பிடிக் குடும்பத்து மெக்கானிக்கான என்னைக் கட்டியது அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் மயிலிட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். நெல்லியடியிலிருந்து சாரதி சிமியோனைத்தான் அனுப்பியிருந்தார்.

குவைத்தில் உழைத்து இறக்கிய புதுக் கார். உள்ளே ஏசி. ஆனால் அதைக் குளிரவைக்கும் கொம்பிறசர் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது, நிற்கிறது. கொழும்பில் கொம்பிறசரையே மாற்றச் சொன்னார்களாம்.

"ஐஸ் தொழிற்சாலை மிசினெல்லாம் பாக்கிற ஆள் நீங்கள்தானே எண்டு ஐயா சொன்னவர்" என்றான் சிமியோன்.

சொன்னவரா? என்னைப் பற்றியா? பியாட்றிஸ் களைந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இதைச் சரிப்பண்ணினால் அண்ணை ஒருநாள் வீட்டுக்குள் வருவார் என்று நம்புகிறாள். நானும்தான்.

7.5, புதன்

காருக்குள் கிடந்த பனையோலைப் பாயை உருவி, நிலத்தில் விரித்துப் படுத்து, அடியெல்லாம் பார்த்தேன். காஸ் சரி. பெல்ட் சரி. வயரும் சரி. முடுக்கிவிட்டால் கொம்பிறசர் சமர்த்தாக ஓடுகிறது. பாயைத் தட்டி உள்ளே போட்டு அனுப்பினேன். பெருமை தாங்கவில்லை.

8.5, வியாழன்

சிமியோன் திரும்பி வந்துவிட்டான். அச்சுவேலி தாண்டவில்லையாம், பழையபடி தொடங்கிவிட்டது. மறுபடி பாயை விரித்தேன், படுத்தேன், பார்த்தேன். குறையே இல்லை! என்னைக் கண்டதும் நடிக்கிறதா இது? ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே தேடி எடுத்தேன். மனுசன் என்ன நினைப்பார்? உவன்ரை வேலை உவ்வளவுதான் எண்டுதானே!

9.5, வெள்ளி

கண்டுபிடித்தவள் பியாட்றிஸ் — தனக்கே தெரியாமல்.

மூன்றாம் தரமும் கார் வந்தது. நான் பாயை உருவப் போக, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அம்மா இழைச்ச பாய். இந்தச் சிவப்புக் கரை அவவின்ரை கைதான். கிறீசிலை போட்டுப் புரளாதேங்கோ."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சரி என்று பாயை உள்ளேயே விட்டு, சாக்கொன்றை விரித்தேன். முடுக்கினால் — டக், டக்! என் கண் முன்னாலேயே நின்று நின்று ஓடுகிறது!

குனிந்து பார்த்தேன். காரின் கம்பளத்தில் மண் படக்கூடாதென்று போட்ட பாய். இடத்துக்குப் பெரிது. நுனி மேலே வளைந்து, ஏசி காற்றிழுக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தது. காற்றுக் கிடைக்காவிட்டால் உள்ளே குழாய் உறையப் பார்க்கும், கொம்பிறசர் தானாக நிற்கும், குளிர் சற்றுத் தணிந்ததும் மறுபடி ஓடும். ஐஸ் தொழிற்சாலையில் விசிறிக்கு முன்னால் மீன்பெட்டி அடுக்கினாலும் இதே கூத்துத்தான். ஒவ்வொரு முறையும் நோயை நானே உருவி எடுத்து, அதன்மேல் படுத்துக்கொண்டு நோயைத் தேடியிருக்கிறேன்! இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

நுனியை நறுக்கினால் முடிந்தது. பியாட்றிஸ் விடவில்லை. "அண்ணையைக் கேக்காமல் வெட்டப்படாது."

உரியவர் நேரில் வந்தால்தான் வேலை முடியும் என்று சிமியோனிடம் சொல்லியனுப்பினேன்.

10.5, சனி

வருவாரா?

11.5, ஞாயிறு

ஆராதனை முடிந்து துரைராஜா தானே ஓட்டி வந்தார். இறங்கவில்லை. கார்க் கண்ணாடியை மட்டும் இறக்கி, "என்ன பிழை?" என்றார். பாயைக் காட்டிச் சொன்னேன். குனிந்து அந்தச் சிவப்புக் கரையைத் தடவினார்.

"வெட்ட வேண்டாம். அம்மாவுக்கு மனம் நோகும்."

"நான் மடிச்சுத் தைச்சுத் தாறன் அண்ணை" என்று பியாட்றிஸ் ஊசியும் நூலுமாக மற்றப் பக்கத்தால் ஏறிவிட்டாள். குளிர் போய்விடுமென்று கதவைச் சாத்தி, அவர் பக்கக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னாள். பாயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒரு கரை தைக்க எவ்வளவு நேரம் வேண்டும்? தேநீரைக் கையில் ஏந்தியபடி வெயிலில் நின்றேன். உள்ளே என்ன கதைக்கிறார்களோ, கேட்கவில்லை. அவள் அழுதாள். பிறகு சிரித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொம்பிறசர் ஒரு தடவையும் நிற்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு அவரே இறங்கினார். என் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப்போச்சு, மச்சான். உள்ளை போய்ச் சுடச்சுட ஒண்டு குடிப்பம்."