நோயற்றவர் வரிசையில் ஒரு மஞ்சள்

பிப்ரவரி 9
கனடாவின் சாஸ்கட்டூன் நகரம் முழுக்கப் பனிப்புயல். ரத்தம் தருவதாகச் சொன்ன ஒருவரும் வரவில்லை. எம்.எஸ். என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் ரத்தம் தயார்; ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர்களின் ரத்தம் வேண்டாமா? ஆய்வகங்களில் வழக்கமாக நடப்பதுதான், நாங்களே சட்டைக் கையைச் சுருட்டினோம். கூட வேலை செய்யும் ஜேனல் குழாய்களில் பெயர்களை எடுத்துவிட்டு எண்களை ஒட்டினாள். எது யாருடையது என்று அவளுக்கு மட்டுமே தெரியும்.

பிப்ரவரி 16
வேலை செய்கிறது! நான் உருவாக்கிய சோதனை! இந்த நோய்க்காக நாங்கள் தேடும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால், சோதனைத் தட்டில் அவரவர் ரத்தம் விட்ட குழி மஞ்சளாகும். எந்தக் குழி எந்த வரிசை என்று மட்டும் ஜேனல் சொன்னாள். நோயாளிகள் வரிசையில் ஏறக்குறைய எல்லாமே மஞ்சள். நோயற்றவர் வரிசையில் ஒன்றுகூட இல்லை — ஒன்றைத் தவிர.

பிப்ரவரி 17
ஆய்வகத் தலைவர் ஓரெஸ்ட் தட்டைப் பார்த்தார். "அந்த ஒண்ணை விட்டுடு, இங்க்ரிட். நீ எங்கேயோ சொட்டு மாத்தி விட்டிருப்ப."
நானா? பற்றிக்கொண்டு வந்தது. "பிடிக்காத விடையைத் தூக்கிப் போடறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்? திரும்பச் செய்யறேன்."
"உன் பிடிவாதம் இருக்கே!" காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 20
அதே குழி. மறுபடியும் மஞ்சள்.

பிப்ரவரி 23
புதுத் தட்டிலும் மஞ்சள். ரத்தம் கொடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும் என்று சண்டை போட்டேன். ஓரெஸ்ட் ஒப்புக்கொண்டார். ஜேனல் கணினியைப் பார்த்தாள். எண்ணை மறுபடி சரிபார்த்தாள்.
"என்னடி, யாருன்னு சொல்லேன்."
"நீதான், இங்க்ரிட்."
இடது கால் மரத்துப்போவது பூட்ஸ் இறுக்கத்தால் என்றல்லவா நினைத்திருந்தேன்? பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

மார்ச் 14
ஸ்கேன் எடுத்தார்கள். ஓரெஸ்டின் மனைவி பெரோகி கொழுக்கட்டை கொடுத்தனுப்பியிருந்தார். ருசியே தெரியவில்லை.

மார்ச் 21
எம்.எஸ்.தான். நரம்பியல் மருத்துவர் மூளைப் படத்தில் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் மருந்து நன்றாகக் கேட்குமாம். "கால் மரத்ததுக்கெல்லாம் யாரும் இவ்வளவு சீக்கிரம் வர மாட்டாங்களே?" என்றார்.
"என் சோதனை சொல்லுச்சு," என்றேன். இந்த நிலையிலும் என்ன பெருமை எனக்கு! பைத்தியக்காரி.
அங்கிருந்து நேராக ஆய்வகம். ஓரெஸ்ட் எழுந்து வந்தார். "அன்னிக்கு என் பேச்சைக் கேட்டிருந்தா நீ..."
என் ரத்தம் இருந்த சோதனைக் குழாயை நோயாளிகள் வரிசைக்கு நானே மாற்றி வைத்தேன். இப்போது மற்ற வரிசையில் ஒரு மஞ்சள்கூட இல்லை.